மேரி இரட்ணமும் மருத்துவமாதரும்: சமூக சேவைக் கணிப்புப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1958ஆம் ஆண்டில், பொதுச் சேவைக்கான இராமன் மக்சேசே விருது இலங்கையைச் சேர்ந்த டாக்டர் மேரி இரட்ணத்துக்கு வழங்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்து. அவர் இவ்விருதுக்குத் தகுதியானவர் என்பதில் ஐயமில்லை. ஆயின், சமூக சேவையின் வரலாற்றை விருது பெற்றோரின் வாழ்க்கை வரலாறாகவே எழுதிவரும் நம்மவர் வழக்கம் ஆய்வுக்குரியது. பாராட்டு எவரைச் சென்றடைந்தது, எவரிடம் செல்லாது நின்றது என்பதும் சமூக வரலாற்றின் ஒரு பகுதியேயாகும்.

கனடாவிற் பிறந்து மருத்துவம் பயின்ற மேரி, யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிற் பணியாற்றும் நோக்குடன் 1896இல் இலங்கை வந்தார். தமிழர் ஒருவரை வாழ்க்கைத் துணைவராக ஏற்றமையால் மிஷன் அவரை ஏற்கவில்லை. மனிதர் யாவரும் ஓர் குலம் எனப் போதித்த தாபனம், அப்போதனையைத் தன் மருத்துவர் ஒருவர் கடைப்பிடித்தபோது திகைத்துப் போயிற்று. இதன் விளைவாக யாழ்ப்பாணம் ஒரு மருத்துவரை இழந்தது. கொழும்பு ஒரு சமூகச் சீர்திருத்தவாதியைப் பெற்றது.

1927இல் தோன்றிய பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் அவர் முன்னின்றார். 1937இல் கொழும்பு மாநகரசபைக்குத் தெரிவானார்; சட்ட நுணுக்கமொன்றைக் காட்டி அப்பதவி பறிக்கப்பட்டது. எனினும் அவரது பணிகளுள் நிலைத்த பயன் தந்தது 1930இல் நிறுவப்பட்ட இலங்கை மகிளா சமிதியே எனலாம். கனடாவின் கிராமிய மாதர் நிலையங்களை முன்மாதிரியாகக் கொண்ட இவ்வமைப்பு, கிராமப் பெண்களை ஒன்றுகூட்டிச் சுகாதாரம், குழந்தை வளர்ப்பு, போசாக்கு, கைத்தொழில் ஆகியவற்றைப் பயிலச் செய்தது. அதன் தலைமை நகரத்து ஆங்கிலங்கற்ற வர்க்கத்திடம் இருந்தமை உண்மை. ஆயினும், தர்மம் பெறுவோராக மட்டும் கருதப்பட்ட கிராமப் பெண்கள் இங்கு சங்கம் நடத்துவோராக மாறினர். இதுவே மேரி இரட்ணத்தை அக்காலத்து ஏனைய உபகாரிகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

இவ்விடத்தில் நாம் நோக்கவேண்டியவர் இன்னொருவர் உளர். அவரே அரசாங்க மருத்துவமாது. 1879இல் கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை திறக்கப்பட்டபின் மருத்துவமாதரைப் பயிற்றும் பணி நிலைபெறலாயிற்று. 1926இல் றொக்பெல்லர் தாபனத்தின் துணையுடன் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. மருத்துவமாது ஆஸ்பத்திரிச் சுவர்களுக்கு வெளியே வந்து வீட்டு வாசலில் நின்றது இதன்பின்னரே. கர்ப்பிணிகளைத் தேடிச் சென்று பதிவுசெய்தல், பேற்றுக்கு முன்னும் பின்னும் வீடுகளைத் தரிசித்தல், பிள்ளையின் நிறையைக் குறித்தல், ஆபத்துள்ள தாயை உரிய வேளையில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புதல் ஆகியவை அவரது பணிகளாயின. கால்நடையாக ஒழுங்கையும் வரம்பும் கடந்து செய்யப்பட்ட இப்பணியில் விழாவெடுத்துப் போற்றத்தக்க தருணங்கள் அதிகமில்லை. நேர வேண்டிய மரணம் நேராமற் போவதே அதன் வெற்றி. நேராத ஒன்றுக்கு எவர் மாலையிடுவர்?

1934-35ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயின்போது சிசு மரண வீதம் ஆயிரத்துக்கு 263 வரை உயர்ந்தது. அப்பத்தாண்டில் ஆயிரம் பிறப்புகளுக்கு இருபதுக்கும் அதிகமான தாய்மார் இறந்தனர். 1950களின் முற்பகுதியில் தாய் மரணம் ஏறத்தாழ ஐந்தாகக் குறைந்தது. நூற்றாண்டின் இறுதியில் ஒன்றுக்கும் கீழே சென்றது. இவ்வீழ்ச்சிக்கு டி.டி.ரி. தெளிப்பினை முதற் காரணமாகக் கொள்வோர் உளர். பங்கீட்டரிசியையும் இலவசக் கல்வியையும் வற்புறுத்துவோரும் உளர். இவற்றுள் எதனையும் மறுக்கவேண்டியதில்லை. ஆயின் மலேரியா நீங்கியபின்னரும் வீழ்ச்சி பல பத்தாண்டுகள் தொடர்ந்தமைக்கு, கர்ப்பிணியையும் ஆஸ்பத்திரியையும் இணைத்த மனிதக் கண்ணி ஒன்று தேவைப்பட்டது. அக்கண்ணி மருத்துவமாதேயாவார்.

அரசு அவருக்கு வழங்கிய அங்கீகாரம் விருதன்று; பதிவாகும். 1927ஆம் ஆண்டின் மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவமாதரைப் பதிவுசெய்ய வழிவகுத்தது. தொழிலுக்கு இது கௌரவமும் பாதுகாப்பும் அளித்தது. ஆனால் பதிவேட்டில் எழுதப்பட்ட ஒவ்வொரு பெயரும் எழுதப்படாத வேறொரு பெயரைப் பின்தள்ளிற்று. தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைப்பேறு பார்த்துவந்த கிராமத்து மருத்துவிச்சியையே இங்கு கருதுகிறோம். யாழ்ப்பாணச் சமூகத்தில் இத்தொழில் குடிமை முறையுடன் பிணைந்திருந்தது. உயர்சாதியினரின் பிள்ளையை முதலில் ஏந்திய கைகள், பின்னர் அவ்வீட்டுத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தப்பட்டன. அவரது முறைகள் எல்லாம் நல்லவை என்பது எமது கருத்தன்று. கிருமித் தொற்றால் நேர்ந்த மரணங்கள் பல. ஆயினும் அவரைப் பயிற்றி உள்வாங்குவதிலும் பார்க்க, அறியாமையின் வடிவமாகக் காட்டி ஒதுக்குவது எளிதாயிருந்தது. சீருடை அணிந்த மருத்துவமாதுக்கு முற்றத்தில் நாற்காலி இடப்பட்டதெனின், சாதி வழங்க மறுத்த மதிப்பை அரசுத் தொழில் ஓரளவு வழங்கிற்று என்பதும் கவனிக்கத்தக்கது.

மலையகத்தின் நிலை வேறு. 1912ஆம் ஆண்டுச் சட்டங்களின்கீழ் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பெரிதும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பில் விடப்பட்டன. தோட்ட மருத்துவமாது கம்பனியின் ஊழியர். தாயின் நலனுக்கும் துரையின் கணக்குக்கும் இடையே நின்றவர். கிராமங்களிற் பரவிய அரசாங்கச் சேவை தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1974இல் தீவு முழுவதற்குமான சிசு மரண வீதம் 51 ஆக இருக்க, தோட்டப் பகுதிகளில் அது 100ஐத் தாண்டிற்று. இவ்விரு எண்களுக்கும் இடைப்பட்ட தூரத்துக்குக் கூலி, குடியிருப்பு, 1948இன் பிரசாவுரிமைப் பறிப்பு யாவும் காரணங்களாகும். வீடு தேடிவரும் அரசாங்க ஊழியர் ஒருவர் இன்மையும் அவற்றுள் ஒன்று.

மேரி இரட்ணத்தின் வாழ்வு பற்றி எழுதுவதற்குச் சான்றுகள் உண்டு. மருத்துவமாதர் விட்டுச் சென்றவையோ தரிசிப்புக் குறிப்பேடுகளும் கர்ப்பிணிப் பதிவேடுகளுமே. சுகாதாரப் பணிமனைகளிற் செல்லரிப்பதற்கு முன் அவற்றைத் திரட்டுவதும், ஓய்வுபெற்று முதுமையடைந்துள்ள மருத்துவமாதரின் வாய்மொழியைப் பதிவுசெய்வதும் பல்கலைக்கழக மாணவர் உடனடியாக மேற்கொள்ளக்கூடிய பணிகள். தோட்டப் பகுதிகளிலிருந்து இதனைத் தொடங்குதல் நன்று. அங்கேயே ஏடுகள் மிகக் குறைவு.