உயிர்சேர் விளையாட்டுகளின் மறுவாக்கம் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

நல்ல நூலுக்கு மறுபதிப்பு வேண்டுமா என்று எவரும் வினவுவதில்லை. ஏடு செல்லரித்தால் எழுத்தும் அழியும் என்பதைத் தமிழ் கற்றோர் நன்கறிவர். ஆனால், சிறுவர் ஆடும் மின்னணு விளையாட்டு ஒன்று பழமையடைந்தால், அதனைப் புதிய கருவிகளுக்கேற்ப மீண்டும் ஆக்கித் தருதல் தகுமா என்ற வினாவிற்கு விடை அத்துணை எளிதன்று. அது வணிகர் காசு திரட்டும் வழியே என்பர் ஒரு சாரார். இளமையில் துய்த்த இன்பத்தை மீட்டுத் தரும் நற்பணி என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் விளையாட்டின் வரலாற்றை நோக்காமலே வழக்காடுகின்றனர். விந்தை உயிர்களைத் தேடிப் பிடித்து, வளர்த்து, தொகுத்து மகிழும் ஜப்பானிய விளையாட்டுகளின் வரலாறு இவ்வழக்கிற்குத் தீர்ப்பு வழங்கவல்லது.

தோற்றம்

இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடியாக அமைந்தவற்றுள் ஒன்று, 1987-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த 'மெகாமி டென்செய்' ஆகும். அயா நிஷிதானி என்பார் எழுதிய புதினத்தை அடியொற்றி எழுந்த அவ்விளையாட்டில், எதிர்ப்படும் பூதங்களோடு உரையாடி அவற்றைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டினை இணைத்துப் புதியதொன்றைப் படைக்கவும் செய்யலாம். இதன் இரண்டாம் பகுதி 1990-இல் வந்தது. 1995-ஆம் ஆண்டு இவ்விரு பகுதிகளும் அன்றைய புதிய கருவிக்கேற்பச் செப்பனிடப்பெற்று ஒரே பேழையில் வெளியிடப்பட்டன. எனவே மறுவாக்கம் என்பது அண்மைக் காலத்து வணிக உத்தி அன்று. இத்துறையின் இளமையிலேயே அது தோன்றிவிட்டது.

ஆயினும், இவ்வகையை உலகறியச் செய்தது போக்கிமான் விளையாட்டே. அதனை உருவாக்கிய சதோசி தாஜிரி, தோக்கியோவின் புறநகரான மச்சிடாவில் வளர்ந்தவர். இளமையில் வயல்களிலும் குளக்கரைகளிலும் பூச்சிகளைத் தேடிப் பிடிப்பதில் பேரார்வம் கொண்டிருந்தார். நகரம் விரிந்தது, வயல்கள் வீடுகளாயின, குளங்கள் தூர்ந்தன. பூச்சி தேடும் இன்பத்தை அறியாமலே ஒரு தலைமுறை வளரத் தொடங்கியது. 1989-ஆம் ஆண்டு நிண்டெண்டோ நிறுவனம் 'கேம் பாய்' என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. இரு கருவிகளைக் கம்பியால் இணைக்க இயலும் என்பதைக் கண்ட தாஜிரி, அக்கம்பியின் வழியே பூச்சிகள் ஊர்ந்து செல்வதாகக் கற்பனை செய்தார். அக்கற்பனை, ஏறத்தாழ ஆறாண்டு உழைப்பிற்குப்பின் 1996 பிப்ரவரி 27-ஆம் நாள் 'சிவப்பு', 'பச்சை' என்னும் இரு பதிப்புகளாக வெளிவந்தது.

பதிப்புகள் இரண்டாக அமைந்ததில் ஆழ்ந்த நோக்கம் இருந்தது. சில உயிர்கள் ஒன்றில் மட்டுமே கிட்டும். சில மற்றொன்றில் மட்டுமே கிட்டும். நான்கு உயிர்கள் கைமாறினாலன்றித் தம் இறுதி நிலைக்கு வளரா. ஆகவே தனியொருவன் எத்துணை முயன்றாலும் தொகுப்பு நிறைவடையாது. நண்பன் ஒருவன் வேண்டும். தேடலும் பரிமாற்றமுமே இவ்விளையாட்டின் உயிர்நாடி. மற்றவையெல்லாம் அதற்கு உடல் போன்றவை.

மூலத்திற்கு நேர்ந்த இடர்கள்

அவ்வுடலோ மிக எளியது. கருவியின் திரை அகலத்தில் 160 புள்ளிகளும் உயரத்தில் 144 புள்ளிகளும் கொண்டது; அதில் நான்கு நிறச்சாயல்களுக்கே இடமுண்டு. நிரலில் பிழைகளும் இருந்தன. உளவலி இனத்து உயிர்கள் ஆவி இனத்தின் தாக்குதலுக்கு அஞ்சவேண்டும் என்பது ஆக்கியோர் கருத்து. நிரற்பிழையால் அத்தாக்குதல் சிறிதும் பயன்படாமற் போயிற்று. அதனால் உளவலி இனம் அளவிறந்த வலிமை பெற்றுச் சமநிலையைக் குலைத்தது.

இதனினும் பெரிய இடர் பேழைக்குள்ளேயே இருந்தது. விளையாடியவர் தொகுத்தவற்றை நினைவில் வைத்திருக்கச் சிறு மின்கலம் ஒன்று பேழையினுள் பொருத்தப்பட்டிருந்தது. மின்கலம் தீர்ந்தால் விளையாட்டு அழியாது. ஆனால், தேடிச் சேர்த்த உயிர்கள் அனைத்தும் அழியும். 1999-இல் வெளிவந்த 'தங்கம்', 'வெள்ளி' பதிப்புகளில் இரவு பகலைக் காட்டும் கடிகாரமும் அதே மின்கலத்தால் இயங்கியமையால், அதன் ஆயுள் மேலும் குறைந்தது.

மூன்றாவது இடர் 2002-இல் நேர்ந்தது. அவ்வாண்டு வெளிவந்த 'மாணிக்கம்', 'நீலக்கல்' பதிப்புகளில் உயிர்களின் ஆற்றலைக் கணக்கிடும் முறையே அடியோடு மாற்றப்பட்டது. அதனால் பழைய பதிப்புகளோடு பரிமாற்றம் இயலாமற் போயிற்று. முதற் பதிப்பின் 151 உயிர்களுள் பலவற்றைப் புதிய பதிப்புகளில் பிடிக்கவும் வழியில்லை. பரிமாற்றத்தை உயிராகக் கொண்ட விளையாட்டில் பரிமாற்றப் பாலமே முறிந்தது.

மறுவாக்கங்கள்

இம்முறிவே முதல் மறுவாக்கத்திற்கு வலுவான காரணம் ஆயிற்று. 2004-ஆம் ஆண்டு, ஜுனிச்சி மசுடாவின் இயக்கத்தில் 'நெருப்புச் சிவப்பு', 'இலைப் பச்சை' என்னும் பெயர்களில் முதற் கதை மீண்டும் ஆக்கப்பட்டது. பழைய உயிர்கள் புதிய குடும்பத்தோடு இணைந்தன. 1999-இலேயே தொடர்ச்சிக் கதையில் திருத்தப்பட்ட உளவலி இனத்தின் பிழை, முதற் கதைக்குள்ளும் திருத்தம் பெற்றது. கம்பியில்லாமலே இருவர் பரிமாறிக்கொள்வதற்குரிய சிறு கருவியும் விளையாட்டோடு சேர்த்தே வழங்கப்பட்டது. உடல் மாறியது, உயிர்நாடி மாறவில்லை.

2009-இல் 'தங்கம்', 'வெள்ளி' இரண்டும் மறுவாக்கம் பெற்றன. இவற்றை இயக்கியவர் ஷிகெகி மொரிமொட்டோ. முதற் பதிப்பில் எஞ்சிய சிறிதளவு இடத்தில் 'மியூ' என்னும் 151-ஆம் உயிரை நுழைத்தவர் இவரே. இம்மறுவாக்கத்தோடு, நடக்கும் அடிகளை எண்ணும் சிறு கருவி ஒன்றும் தரப்பட்டது. தாம் வளர்க்கும் உயிரை அதில் ஏற்றிக்கொண்டு வெளியே உலவலாம். வயல்வெளியில் பூச்சி தேடிய சிறுவனின் கனவிற்கு இது எத்துணை அணுக்கமானது!

பின்னர் வந்தவை யாவும் இத்தகைமை வாய்ந்தவை எனல் இயலாது. 1998-இன் 'மஞ்சள்' பதிப்பைத் தழுவி 2018-இல் வந்த மறுவாக்கத்தில், பெரும்பாலான காட்டுயிர்களோடு போரிடும் முறை நீக்கப்பட்டு, பந்தெறிந்து பிடிக்கும் முறை புகுத்தப்பட்டது. புதியவர்க்கு அது எளிமை தந்தது. ஆயினும் மூலத்தை அறிய விரும்புவோர்க்கு அது மூலமாகாது. 2021-இல் வந்த 'வைரம்', 'முத்து' மறுவாக்கங்களோ இதற்கு நேர்மாறானவை. 2006-ஆம் ஆண்டு மூலத்தை அவை பெரிதும் அப்படியே பின்பற்றின; 2008-இன் 'பிளாட்டினம்' பதிப்பு சேர்த்துத் தந்திருந்த பகுதிகள் பலவற்றையும் விட்டுவிட்டன. மிகுதியாக மாற்றுதலும் குறை. வளர்ந்ததை மறந்து தொடக்கத்தை மட்டும் பெயர்த்தெழுதுதலும் குறையே.

மூலமும் நிலைத்தல் வேண்டும்

மறுவாக்கம் வேண்டா, மூலமே போதும் என்போர்க்கும் வரலாறு ஒரு சான்று தருகின்றது. 2016 பிப்ரவரி 27-இல், முதற் பதிப்புகள் பழைய வடிவிலேயே நிண்டெண்டோவின் 3டிஎஸ் கருவிக்கு இணையக் கடைவழி விற்கப்பட்டன. நிரற்பிழைகளும் அப்படியே இருந்தன. கம்பிக்கு மாற்றாகக் கம்பியிலாப் பரிமாற்றம் மட்டும் சேர்க்கப்பட்டது. மூலத்தைச் சிதைக்காமலே காக்க இயலும் என்பதற்கு இது சான்று. ஆனால், 2023 மார்ச் 27-இல் அக்கடையின் விற்பனை நிறுத்தப்பட்டபோது அவ்வழி அடைபட்டது. கடையை நம்பிய காப்பு, கடை அடையும் நாள்வரையே நிற்கும்.

மறுவாக்கம் மட்டும் இருந்தால் என்ன நேரும்? 1998-இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட் மான்ஸ்டர்ஸ்' 2012-இல் மறுவாக்கம் பெற்றது. அது ஜப்பானில் மட்டுமே வெளியிடப்பட்டது. பிற நாட்டவர்க்கு அது எட்டாக் கனியாயிற்று. ஆகவே ஒன்று மற்றொன்றிற்கு ஈடாகாது.

முடிவுரை

பழைய விளையாட்டுகள் மறுவாக்கத்திற்குத் தகுதியுடையனவா? தகுதியுடையன, ஆனால், மூன்று அளவுகோல்களால் அளந்தபின்னரே அத்தகுதியை வழங்குதல் வேண்டும். முறிந்த பாலத்தை மறுவாக்கம் மீண்டும் கட்டுதல் வேண்டும். கருவியின் வறுமையாலும் நிரற்பிழையாலும் நேர்ந்த குறைகளைக் களைந்து, ஆக்கியோன் கருத்தைக் காத்தல் வேண்டும். மூலத்தின் இடத்தைப் பறிக்காது, அதன் அருகில் நிற்றல் வேண்டும். முதல் இரண்டு அளவுகோல்களுக்கும் 2004-ஆம் ஆண்டு ஆக்கம் பொருந்துகின்றது. மூன்றாவது, ஆக்குவோர் கையில் மட்டும் இல்லை. விற்போரும் காப்போரும் அதற்குப் பொறுப்பாவர்.

பொருளீட்டும் நோக்கம் மறுவாக்கத்தில் இல்லை எனல் பொய்யாகும். அந்நோக்கம் முதற் பதிப்பிலும் இருந்தது. அதனால் அதன் சிறப்புக் குன்றவில்லை. ஆதலின் விலையைக் கண்டு வெறுத்தலும், பழைய நினைவால் மயங்கிப் போற்றுதலும் ஆராய்ச்சி ஆகா. தூர்ந்த குளத்தை மீட்டுத் தர இயலாத ஒருவர், அக்குளக்கரையில் பெற்ற இன்பத்தைச் சிறு திரையில் ஆக்கித் தந்தார். அவ்வின்பம் அடுத்த தலைமுறையின் கைக்குச் சேர்கின்றதா என்பதே ஒவ்வொரு மறுவாக்கத்தையும் நோக்கிக் கேட்கவேண்டிய கேள்வியாகும்.