இடம் மாறின வீடு

கொழும்பு 3, அல்பிரட் பிளேஸில் இருந்த ஒரு வீட்டை இப்ப பார்க்கவேணுமெண்டால் பெந்தோட்டைப் பக்கம் போகவேணும்.

வீடு ஈனா டி சில்வாவினுடையது. இலங்கையில் பத்திக் கலைக்குப் புதுவாழ்வு கொடுத்தவர். கணவர் ஒஸ்மண்ட் டி சில்வா, முன்னாள் பொலிஸ் மா அதிபர். ஜெஃப்ரி பாவா 1960இல் வரையத் தொடங்கி, 1962இல் வேலை முடிந்தது. அந்தக் காலத்துக் கொழும்புப் பணக்கார வீடுகள் காணியின் நடுவில், சுற்றிவரத் தோட்டத்தோடு நிற்கும். பாவா அதைத் தலைகீழாக்கினார். வெளியில் வீதிக்கு வெறும் மதில். உள்ளே போனால் நடுவில் பெரிய முற்றம், சுற்றிவர விறாந்தை, மரத்தூண்கள், ஓட்டுக்கூரை. வெளிச்சமும் காற்றும் மழையும் முற்றத்தாலதான் வரும். எங்கட ஊர் நாற்சார் வீட்டில் வளர்ந்த ஆச்சிமாருக்கு இதில் பெரிய புதினம் இருந்திராது. ஆனால் நெருக்கமான நகரக் காணிக்கு அதை நவீன வீடாக்கிக் காட்டினதுதான் பெரிய விசயம். பிறகு கொழும்பில் எழுந்த எத்தனையோ வீடுகளில் இதன் சாயல் இருக்கு.

ஈனா 80களில் மாத்தளை அளுவிகாரைக்குப் போய்விட்டார். கொழும்பில் காணி விலை ஏறிக்கொண்டே போனது. 2009இல் வளவு கைமாறியது. வாங்கினவர்களுக்குத் தேவைப்பட்டது நிலம்தான், வீடு அல்ல. பழமை எண்டால் தாதுகோபமும் கோட்டையும்தான் எங்களுக்கு ஞாபகம் வரும், ஐம்பது வருசம்கூட ஆகாத வீட்டுக்கு யார் வழக்காடுவது?

கடைசியில் லுனுகங்கா அறக்கட்டளை முன்வந்தது. கல், ஓடு, தூண், கதவு எல்லாத்துக்கும் இலக்கம் போட்டுக் கழற்றி, பாவாவின் தோட்டமான லுனுகங்காவுக்குக் கொண்டுபோனார்கள். திரும்பக் கட்டி முடிக்க 2016 ஆகிவிட்டது. பாவா 2003இலேயே இறந்துவிட்டார். ஈனாவும் 2015 ஒக்டோபரில், வேலை முடியமுதலே போய்விட்டார்.

இதைக் காப்பாற்றினது எண்டு சொல்லலாமா? எனக்கு முழுமனதாக ஆம் சொல்ல வரேல்லை. பக்கத்து வீட்டுக் கண்ணிலிருந்தும் வீதிச் சத்தத்திலிருந்தும் மறைக்க எழுப்பின மதில் அது. இப்ப சுற்றிவர மரமும் அமைதியும்தான், மதிலுக்கு அங்க மறைக்க என்ன இருக்கு? அந்த மதில் எதுக்கு விடையாக வந்ததோ, அந்தக் கேள்வி கொழும்பிலேயே நிண்டுவிட்டது.

ஆனாலும், இடிச்சிருந்தால் படங்களும் வரைபடங்களும்தான் மிஞ்சியிருக்கும். இப்ப ஒரு மாணவியாவது மழை நேரம் அந்த விறாந்தையில் நிண்டு, ஓட்டிலிருந்து தண்ணி முற்றத்தில் விழுகிறதைப் பார்க்கலாம்.