பழைய ரிவால்வர் ஏன் சிக்கிக்கிது?

நம்ம ஆனைக்குட்டம் பக்கம் கருமருந்து தெரியாத ஆள் கிடையாது: வெடியுப்பு, கந்தகம், கரி. 1836-ல் அமெரிக்காவின் சாமுவேல் கோல்ட் காப்புரிமை வாங்கிய ரிவால்வரும் இதே மருந்தில்தான் சுட்டது.

மருந்து எரிந்தபின் எடையில் பாதிக்குமேல் கசடாகத் தங்கும். அது ஈரத்தை இழுத்து இரும்பைத் துருவாக்கும். குண்டு போடும் உருளை அச்சோடு ஒட்டிக்கிட்டா, சுத்தியலைப் பின்னுக்கு இழுத்தாலும் சுற்றாது. ஸ்பிரிங் போச்சுன்னு நினைப்பாங்க. பல நேரம் வெந்நீர், சோப்பு, எண்ணெய் போதும்.

ஆனா அந்த வேலையை யாரும் செய்துவிட முடியாது. ஊமைத்துரை தோற்ற 1801-லேயே கம்பெனி பாளையக்காரர் சீமையில் ஆயுதங்களைத் தடை செய்தது. 1878 சட்டம் வைத்திருக்கவே உரிமம் கேட்டது. 1959 சட்டப்படி பழுதுபார்க்கிறவருக்கும் உரிமம் வேணும்.

பரணில் பழசு கிடைச்சா தொடாதீங்க, உள்ளே குண்டு இருக்கலாம். போலீஸ்ல சொல்லுங்க.