தரங்கம்பாடியும் மாசிலாமணிநாதரும்

சோழவளநாட்டின் கீழைக் கடற்கரையில், பூம்புகாருக்குத் தெற்கே அமைந்த சிற்றூர் தரங்கம்பாடி. தரங்கம் என்பது அலையைக் குறிக்கும் வடசொல். ஆதலின் அலைகள் பாடும் ஊர் என நயம்படப் பொருளுரைப்பாரும் உளர். கேட்கச் செவிக்கினிதாயினும், கல்வெட்டுக் காட்டும் பழம்பெயர் சடங்கன்பாடி என்பதேயாம்.

இவ்வூரின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் 1620-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கர் இத்துறையை டேனியருக்கு அளித்தார். டென்மார்க் அரசருக்கு அவர் பொன்னேட்டில் வரைந்தனுப்பிய திருமுகம் கோபன்ஹேகன் நகரில் இன்றும் பேணப்படுகிறது. கடலோரத்தே டான்ஸ்போர்க் கோட்டை எழுந்தது. 1706-ல் வந்த சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்று, இங்கு அச்சுக்கூடம் நிறுவித் தமிழ் நூல்களை அச்சிட்டார். இவையாவும் போற்றத்தக்கனவே.

ஆயினும், கப்பலோட்டி வந்த டேனியர் ஏன் இத்துறையை நாடினர்? வெறும் மணற்றிடலை எவரும் விரும்பிக் கேளார். அவர்கள் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், கி.பி. 1305-ஐ ஒட்டி, மாசிலாமணிநாதர் திருக்கோயில் இங்கு எழுந்துவிட்டது. அக்காலத்துக் கல்வெட்டு இவ்வூரைக் குலசேகரன்பட்டினம் என்றும் குறிக்கின்றது. பட்டினம் என்ற சொல்லொன்றே போதும். கலமும் வணிகமும் முன்னரே இருந்தன என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ!

1845-ல் டேனியர் தம் இந்தியக் குடியிருப்புகளை ஆங்கிலேயக் கும்பெனியாருக்குப் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு விற்றனர். பின்னர் புகைவண்டி நாகப்பட்டினத்தை அடையவே, வாணிபமும் அங்கே பெயர்ந்தது. மயிலாடுதுறையிலிருந்து 1926-ல் இவ்வூருக்கு வந்த இருப்புப்பாதையும் 1986-ல் மூடப்பட்டது.

மன்னர் மாறியதைவிடக் கோயிலுக்குப் பேரிடர் விளைத்தது கடலே. ஆண்டுதோறும் கரையை அரித்து முன்னேறிய அலைகள் முன்மண்டபத்தையும் வாயிற்புறத்தையும் சிறிது சிறிதாகக் கவர்ந்தன. செதுக்கிய கற்கள் நீரில் வீழ்ந்தன. கருங்கற்பாறைகளைக் குவித்துக் கரை காக்க முயன்றனர். 2004 டிசம்பர் 26-ல் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரில் எண்ணற்ற குடும்பங்களைக் கண்ணீரில் ஆழ்த்தியது. அன்றும் கருவறை நிலைத்து நின்றது. அதன்பின் அன்பர்கள் முயன்று திருப்பணி செய்தனர்.

கோட்டையைக் காண வருவோர் பலர். அருகேயே கடலை நோக்கியிருக்கும் இத்திருக்கோயிலுக்கும் அவர்கள் வந்து வணங்கி, கல்லிற் பொறித்த அப்பழம்பெயரைச் சற்றே நின்று நோக்குவாராக.