பழி யார் தலையில்?

2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 17இல் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அமலுக்கு வந்தது. கட்டடமும் சட்டமும் ஏறக்குறைய ஒரே வயது. அச்சட்டம் குற்றவாளியாகக் காண்பது கணினிக்குள் அத்துமீறி நுழைபவனை. பூட்டே இல்லாத கதவைச் செய்து விற்றவனைப் பற்றி அதில் பேச்சில்லை.

இந்த மௌனம் புதிதல்ல. பொருளைச் செய்தவன், தன்னிடம் நேரடியாக வாங்காதவருக்கும் பொறுப்பு என்பதை ஆங்கிலேயச் சட்டம் ஒப்புக்கொண்டது 1932இல். பானப் புட்டியில் நத்தை கிடந்த வழக்கில். போபாலில் பிணங்கள் விழுந்த பிறகே, 1986 டிசம்பரில், ஆபத்தான தொழிலை நடத்துபவர் ‘கவனமாகத்தான் இருந்தோம்’ என்று சொல்லித் தப்ப முடியாது என்றது நம் உச்ச நீதிமன்றம். இரண்டு இடத்திலும் சட்டத்தைப் பேச வைத்தது காயம்பட்ட உடல்.

இணையத்தோடு கட்டப்பட்ட கேமரா உடலைக் காயப்படுத்துவதில்லை. 2016இல் மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே போட்டு அனுப்பிய கடவுச்சொற்களைக் கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. இப்படி ஏதாவது நடந்தால் நாம் முதலில் கேட்பது என்ன? “பாஸ்வேர்டை ஏன் மாத்தல?” வாங்கியவர் குற்றவாளியாகிவிடுகிறார்.

2009இல் அமலான 43ஏ பிரிவு, கவனக்குறைவால் தகவலைக் கசியவிட்ட நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்றது. ஆனால் கணினியைத் தன் வசம் வைத்திருப்பவருக்கே அது பொருந்தும். கருவியை விற்றுவிட்டுப் போனவருக்கு அல்ல. 2023இன் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ அந்தப் பிரிவையே நீக்கச் சொல்கிறது. அபராதம் 250 கோடி ரூபாய் வரை உண்டு. போய்ச் சேர்வது அரசுக் கருவூலத்துக்கு. 2019இன் நுகர்வோர் சட்டம் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறதுதான். ஆனால் உடலோ உடைமையோ கெட்டால்தான் மன உளைச்சலும் கணக்கில் வரும். படுக்கையறையை எவனோ பார்த்துவிட்டான் என்பது மட்டும் அங்கே ‘தீங்கு’ ஆகாது.

பிரிட்டன் 2024 ஏப்ரலில், யாரும் ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு கருவிகளை விற்கத் தடை போட்டது. இங்கும் 2025 ஏப்ரல் முதல் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். நல்லதுதான். ஆனால் சோதனை என்பது அரசுக்கும் கம்பெனிக்கும் இடையிலான பேச்சு. பார்க்கப்பட்டவளுக்கு அதில் இடமில்லை.

தரமணித் தெருக்களில் தலைக்கு மேலே கேமரா. கேமரா நம்மைப் பார்ப்பதற்குச் சட்டம் இருக்கிறது. அதன் வழியே வேறொருவன் பார்த்தால் செய்து விற்றவனைக் கூண்டில் ஏற்றச் சட்டம் எங்கே? இன்னொரு போபாலுக்காகக் காத்திருக்காமல் இந்தக் கேள்வியை இப்போதே கேட்டாக வேண்டும்.