தொப்பி மாட்டும் சட்டமும் நாங்கள் விட்டுவந்த சுவரும்



போன கிழமை வகுப்பில் பிள்ளைகளிடம் பழைய வீட்டுச் சாமான்களின் பெயர்களை எழுதச் சொன்னோம். அம்மி, உரல், சாய்மனைக் கதிரை, பெட்டகம் எல்லாம் வந்தன. ‘ஹற் ஸ்ராண்ட்’ என்று ஒரு பிள்ளையும் எழுதவில்லை. கரும்பலகையில் கீறிக் காட்டியபோது, “சேர், இது கண்ணாடி மேசையா?” என்று ஒரு பிள்ளை கேட்டது. அந்தக் கேள்விக்குத்தான் இந்த நீண்ட பதிவு.

சோனகதெருவின் பழைய வீடுகளைக் கண்டவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. முன்கூடத்தில், வாசலுக்குப் பக்கத்தில் நிற்கும். நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி, இரண்டு பக்கமும் பித்தளைக் கொழுக்கிகள், கீழே சின்ன லாச்சி, ஓரத்தில் குடை வைக்க ஒரு வளையம், குடைநீர் வடியத் தகரத் தட்டு. வசதியான வீட்டில் முதிரையிலோ தேக்கிலோ செய்து நிறுத்தியிருப்பார்கள். மற்ற வீடுகளில் ஒரு பலகையில் நாலைந்து கொழுக்கி பூட்டி, சுவரில் ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்.

இது எங்கள் ஊரில் பிறந்த சாமான் அல்ல. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், நடுத்தர வர்க்கத்து வீடுகளின் வாசல் கூடத்துக்காக வந்தது. குளிருக்கும் மழைக்கும் போட்டுவந்த கம்பளிக் கோட்டையும் தொப்பியையும் வாசலிலேயே கழற்றி மாட்டிவிட்டு உள்ளே போவது அவர்களுடைய வழக்கம். தலையைத் திறப்பதுதான் அங்கே மரியாதை. அதிகாரிகளும் மிஷனரிமாரும் அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தார்கள். கச்சேரியில் வேலை பார்த்தவர்களும் அப்புக்காத்துமாரும் கோட்டுப் போடத் தொடங்க, கோட்டு மாட்டும் சட்டமும் பின்னால் வந்தது. கம்பளிக்கு வேலையே இல்லாத யாழ்ப்பாண வெயிலில் அதில் அதிகம் பயன்பட்டது, மாரி காலத்தில் குடை வைக்கும் வளையம்தான்.

ஆனால் எங்கள் வீடுகளில் அது தலைகீழாக வேலை செய்தது. எங்கள் வழக்கத்தில் வாசலில் கழற்றுவது செருப்பு. தலை மூடியபடியே இருக்கும். வந்த விருந்தாளி தொப்பியைக் கழற்றி மாட்டுவதில்லை. வீட்டுக்காரர் வெளியே போகும்போது கண்ணாடியைப் பார்த்து, கொழுக்கியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு போவார். வெள்ளைக்காரனுக்கு உள்ளே வரும்போது தேவைப்பட்ட சாமான், எங்களுக்கு வெளியே போகும்போது தேவைப்பட்டது.

அந்தக் கொழுக்கியில் இருந்தது குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி. உதுமானிய சுல்தான் இரண்டாம் மஹ்மூத் 1820களின் கடைசியில் தன் படைக்கும் அதிகாரிகளுக்கும் அதை உடையாக்கினார். 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டுக் கொழும்புக்கு வந்த அறபி பாஷாவும் தோழர்களும் அதை அணிந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்தே இலங்கைச் சோனகர்களிடம் அது பரவியது என்பார்கள். அழுத்தினால் வடிவம் கெடும் தொப்பி அது. பெட்டிக்குள் திணிக்க முடியாது. ஆகவே அதற்கென்று வீட்டில் ஓர் இடம் வேண்டியிருந்தது.

இந்தத் தொப்பிக்காக ஒரு போராட்டமே நடந்தது. அதன் நடுவில் நின்றவர் எங்கள் யாழ்ப்பாணத்து மனிதர், அப்புக்காத்து எம்.சி. அப்துல் காதர். 1905இல் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் துருக்கித் தொப்பியோடும் சப்பாத்தோடும் வழக்காட நின்றபோது, பிரதம நீதியரசர் சேர் சார்ள்ஸ் லேயார்ட் அதை ஏற்கவில்லை. ஐரோப்பிய முறை என்றால் தொப்பியைக் கழற்ற வேண்டும். கீழைத்தேய முறை என்றால் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது என்பதுதான் நிலைப்பாடு. அப்துல் காதர் தொப்பியைக் கழற்றவில்லை.

சிந்தித்துப் பாருங்கள். ‘வாசலில் மாட்டிவிட்டு உள்ளே வா’ என்று சொல்லும் அந்த ஹற் ஸ்ராண்டின் சட்டம்தான் நீதிமன்றத்தின் சட்டமாகவும் இருந்தது. அவர் மறுத்தது அதைத்தான். நாடெங்கும் முஸ்லிம்கள் கூடிப் பேசினார்கள். 1905 டிசம்பர் 31ஆம் திகதி கொழும்பு மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெரும் கூட்டம் நடந்தது. இந்தியாவிலிருந்து மௌலவி ரபியுத்தீன் அஹ்மத் வந்து பேசினார். கடைசியில் துருக்கித் தொப்பியோடே நீதிமன்றத்தில் நிற்க வழி கிடைத்தது. சிதறிக் கிடந்த சமூகம் ஒன்றாகக் குரல் கொடுத்த முதல் சந்தர்ப்பங்களில் இதுவும் ஒன்று.

1925இல் துருக்கியே அந்தத் தொப்பியைத் தடை செய்தது. ஆனாலும் இங்கே அது உடனே மறையவில்லை. எங்கள் மூத்தவர்களின் கலியாணப் படங்களில் மாப்பிள்ளையின் தலையில் அதைப் பார்க்கலாம். பிறகு மெல்ல மெல்ல, கொழுக்கிகளில் வெள்ளைத் தொப்பியும், தையல் கடைக்குப் போகிறவரின் அளவு நாடாவும், பள்ளிக்கூடப் பையும், திறப்புக் கோர்வையும் தொங்கின.

1990 ஒக்டோபர் 30 காலை எல்லோருக்கும் தெரியும். ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். வடக்கு முழுவதும் ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். கையில் எடுத்ததையும் வழியில் சோதித்துப் பறித்தார்கள். எங்கள் வீட்டில் கடைசியாக நடந்தது இதுதான்: கதவைப் பூட்டினால் உடைப்பார்கள், உடைத்தால் கதவும் போய்விடும் என்று, பூட்டாமல் திறப்பை ஹற் ஸ்ராண்டின் கொழுக்கியிலேயே மாட்டிவிட்டு வந்தோம். இரண்டு நாளில் திரும்பி வருவோம் என்றுதான் நினைத்தோம்.

புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் சுவரே இல்லை. கொழுக்கிக்கு எங்கே போவது? கயிற்றுக் கொடியில்தான் எல்லாம் தொங்கின. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் வந்து பார்த்தோம். கூரை இல்லை, கதவு இல்லை, யன்னல் இல்லை. முன்கூடச் சுவர் மட்டும் நின்றது. அதில் நாலு ஆணித் துளைகள். பலகை இருந்த இடத்தில் சுண்ணாம்பு கொஞ்சம் வெள்ளையாக இருந்தது. அதை வைத்துத்தான் இது எங்கள் வீடு என்று பிள்ளைகளுக்குக் காட்டினோம்.

காணிக்கு உறுதி இருக்கிறது. இழந்த காணியைப் பற்றிப் பேச அலுவலகங்களும் படிவங்களும் இருக்கின்றன. வீட்டுக்குள் இருந்த சாமான்களுக்கு எந்த உறுதியும் இல்லை. அவற்றைக் கண்ட கண்கள்தான் சாட்சி. அந்தக் கண்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன. சில தமிழ் அயலவர்கள் எங்கள் பொருட்களைப் பத்திரமாக வைத்திருந்து திருப்பித் தந்ததையும் இந்த இடத்தில் சொல்லாமல் விடக்கூடாது. அதுவும் எழுதப்பட வேண்டிய வரலாறுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் பழைய வீட்டு முன்கூடத்தில் என்னென்ன இருந்தன, எந்தச் சுவரில், எந்தப் பக்கம் என்று வீட்டில் மூத்தவர்களிடம் இந்தக் கிழமையே கேட்டு எழுதி வையுங்கள். ஹற் ஸ்ராண்ட் தெரிகிற பழைய கலியாணப் படம் யாரிடமாவது இருந்தால் ஒரு பிரதி தாருங்கள். அந்தப் பிள்ளைக்கு நாங்கள் கீறிக் காட்டிய படம் அவ்வளவு சரியாக வரவில்லை.