ஒரு கல்லுப்பாலமும் எங்கட மதகும்



போன கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டான்: "சேர், எங்கட பக்கம் ஏன் பழைய கல்லுப்பாலம் ஒன்றும் இல்லை?" ஆறு இருந்தால்தானே பாலம்! குடாநாட்டில் ஆறு என்று சொல்ல இருப்பது வழுக்கையாறு. அதுவும் மாரிக்கு மட்டும் ஓடி, அராலியில் கடலேரியோடு சேர்ந்துவிடும். அதனால் கடலுக்கு அப்பால், திருநெல்வேலியில் இருக்கும் ஒரு பாலத்தின் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி ஓடுகிறது. ஒரு காலத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஓடத்தில்தான் போக வேண்டும். வெள்ளம் வந்தால் நோயாளியும் வியாபாரியும் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். பாலம் கட்ட முடிவானபோது பெரிய தொகை தேவைப்பட்டது. சனத்திடம் வசூலிக்கும் பேச்சும் எழுந்ததாம். அப்போது கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் செலவைத் தானே ஏற்றார். மனைவியின் நகைகளும் அதற்குப் போயின என்று நெல்லை மக்கள் இன்றும் சொல்வார்கள். 1843 நவம்பரில் பாலம் திறக்கப்பட்டது. அவர் பெயராலேயே இன்றும் அழைக்கிறார்கள்.

இலண்டன் வாட்டர்லூ பாலத்தை மாதிரியாகக் கொண்டு ஹார்ஸ்லி என்ற பொறியியலாளர் வரைந்த பாலம் இது. நீளம் 760 அடி. 60 அடி அகலத்தில் 11 வளைவுகள்.

வளைவு ஏன் என்று பிள்ளைகள் கேட்டார்கள். கல் எவ்வளவு பாரத்தையும் தாங்கும். ஆனால் நீட்டிக் கிடத்தி நடுவில் பாரம் ஏற்றினால் முறிந்துவிடும். வளைவில் வைத்தால் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கும். பாரம் இரு பக்கமும் வழிந்து தூணுக்குப் போய், நிலத்தில் இறங்கும். ஒரு கல்லைத் தனியே எடுத்தால் வெறும் கல்; சேர்ந்து நின்றால் பாலம்.

1869 வெள்ளம் அந்தப் பாலத்தையும் சேதப்படுத்தியது. திருத்திக் கட்டினார்கள். பிறகு அகலமாக்கினார்கள். 180 வருசம் கடந்தும் வாகனம் ஓடுகிறது.

மனிதர் இறந்த பிறகும் நன்மை வந்துகொண்டிருக்கும் தர்மத்தை நாங்கள் ஸதகத்துல் ஜாரியா என்போம். முதலியார் வேறு சமயத்தவர். ஆனால் அந்தச் சொல்லுக்கு விளக்கம் கேட்கும் பிள்ளைக்கு நான் இந்தப் பாலத்தைத்தான் காட்டுவேன்.

எங்களிடம் 11 வளைவுப் பாலம் இல்லை. வீதிக்குக் கீழே சின்ன மதகுகள் இருக்கின்றன. போன மாரிக்கு ஒரு மதகில் பிளாஸ்டிக் போத்தல் அடைத்து, வீதியில் முழங்கால் அளவு தண்ணீர். என் வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் மூன்று நாள் வரவில்லை. அதைத் துப்புரவாக்க நகை விற்கத் தேவையில்லை. மண்வெட்டியும் ஒரு காலைப்பொழுதும் போதும்.

மழைக்கு முன் வரும் சனிக்கிழமை காலை நான் போகிறேன். வரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள்.